மெயினை அணைக்கிற ஆபீஸில் பேக்கப்

ஐப்பசி, திங்கள்.
காலையிலிருந்து தூறல். வில்லியனூர் பஸ்ஸில் யாரோ ஒருவரின் குடைத் தண்ணீர் முழுக்க என் மடியில்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட குமரன் பெங்களூர் போய்விட்டான். முதலாளி: "வெளிலருந்து ஆள் போட்டா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வச்சிக்க முடியும். தெனம் பேக்கப் தானா ஓடணும். யாரால முடியும்?" டைப் அடிப்பது நானும் ஸ்டெல்லா அக்காவும்தான். அக்காவின் மகள் காலேஜில். "சனிக்கிழமக்குள்ள நான் பண்றன் சார்." என் வாய் முந்திவிட்டது.

செவ்வாய்.
நெட் கிடையாது. போனையும் முதலாளி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார், கோப்பு வெளியே போய்விடுமாம். மிச்சம், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் கையேடு. கறுப்புத் திரையில் படித்தால் கண் பூத்துப்போகிறது. கோப்பு பார்க்கும் ஜன்னலின் மேல்கட்டத்தில் 'மேன்' என்று இங்கிலீஷில் அடித்து முக்காற்புள்ளி வைத்தால் அதே பக்கங்கள் வெள்ளையில், பெரிய எழுத்தில். படிப்பேன். எல்லாவற்றையும்.

புதன்.
சாப்பாட்டு நேரத்தில் 'கிரான்' பக்கம். குறித்த நேரத்தில் வேலையைத் தானே செய்வது. கோப்புகளை நகலெடுக்க இரவு இரண்டு மணி என்று போட்டேன். பாஸ்வேர்டு முதலாளி அடித்தார். அக்கா: "இன்னாடி, சாமி வந்தாப்ல மொறச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்க?"

வியாழன்.
ஓடவில்லை. திரும்பப் படித்தேன், தப்பே இல்லை. அழுகை வந்தது, அழவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது உறைத்தது. முதலாளி தினமும் சூடம் காட்டி, மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார். இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரே செத்துக் கிடக்கும். நான் ஒரு மக்கு.

"நைட்டு மெயின் ஆன்ல இருக்கட்டுமா சார்?"
"இன்னா வெளாடுறியா? ஷார்ட் ஆனா யாரு பதில் சொல்றது?"

வெள்ளி. மழை. மீன் வாங்கவில்லை.
கையேட்டுப் பக்கங்களின் பட்டியலை 'ஏ'யிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். கிடைத்தது: 'அனாக்ரான்'. கம்ப்யூட்டர் எப்போதும் ஓடும் என்று அது நம்புவதில்லையாம். விட்டுப்போன வேலையை, ஆன் செய்தபின் செய்துவிடும். எழுதியவன் எங்கள் முதலாளியைப் பார்த்திருப்பான் போல. போட்டுவிட்டேன்.

சனி. வெயில்.
முதலாளி மெயினைப் போட்டார். மூன்று பேரும் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கோப்புகளின் நகல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"சரி, வெளி ஆள் வேணாம்," என்றார். பிறகு அக்காவிடம், "வேலய விட்டு நின்னுக்கறேன்னு திங்கக்கிழமயே வந்து சொன்னியே ஸ்டெல்லா, அது?"

எனக்குத் தெரியாது. அக்கா தரையைப் பார்த்தாள். "உனுக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்கடி. அதான்."

கோபம்தான் வந்தது. "ஒரு வார்த்த சொல்லல இல்ல? போயி வேலயப் பாருக்கா."

போய் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் அடித்தாள்.