ஆறாம் நம்பர் வீட்டுக்கு வந்த கெரான்

அன்பு மகள் பிரேமலாவுக்கு, மலேசியா தங்காக்கிலிருந்து சித்தப்பா வீரமுத்து எழுதுவது. இங்கே உன் அம்மா, நான், என் முழங்கால் மூவரும் நலம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்களா என்று தினமும் பார்த்துக்கொள்ளும்படி நம் பிள்ளையாருக்கு உத்தரவு போட்டிருக்கிறேன். கைப்பேசியில் சொன்னால் உன் அம்மா குறுக்கே புகுந்து என் கதையைப் பாதியாக வெட்டிவிடுவார், அதனால்தான் கடிதம்.

நல்ல செய்தி முதலில். வீட்டுக்குக் கெரான், அதுதான் நம் பெயரில் நிலப்பட்டா, வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருடமாக வீடமைப்புச் சங்கத்தின் பெயரில் ஒரே பத்திரமாகக் கிடந்த நிலம், இப்போது நாற்பது வீட்டுக்கும் தனித்தனிக் கெரானாகிவிட்டது. உன்னிடம் மறைத்ததை இனிச் சொல்லலாம், மூன்று மாதமாக நாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, நானே மூன்று தட்டோடு நிறுத்திக்கொண்டேன். நிலம் அளக்க வந்தவர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உங்கள் பட்டியல் தலைகீழாக இருக்கிறதே என்றார். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நம் பெரியவர்கள், எதையும் சாமியிடமிருந்து தொடங்கவேண்டும் என்று கோயிலை ஒட்டிய வீட்டுக்கு ஒன்று என நம்பர் போட்டுவிட்டார்கள். வரைபடத்தில் ஒன்று சாலைப் பக்கம். ஒரே வரிசையில் நாற்பது வீடு, ஆகவே கோயில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பட்டியல்படி சாலையோர நிலம், சாலையோரத்தாருக்குக் கோயில் பக்கத்து நிலம். இருபதில் நான், இருபத்தொன்றில் அர்ச்சுனன், எங்கள் இருவருக்கும் இடம் மாறிப்போனது. அவன் வாசல் மரத்து ரம்புத்தான் பழத்தைப் பறித்ததற்காகப் பதினோரு வருடம் என்னைத் திருடன் என்றான், அந்த மரமே என்னுடையது என்று தெரிந்த அன்று நான் சக்கரவர்த்தியைப் போல அவன் வாசலில் உலாவினேன்.

ஆனால் ஆறாம் நம்பரான உன் அம்மாவுக்கு வந்தது முப்பத்தைந்து, அங்கம்மா குடும்பத்தின் மாடி வீடு. அவர்களுக்கு நம் பலகை வீடு. நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியல் திருத்தப்படும், ஒருவர் மறுத்தாலும் யாருக்கும் கெரான் இல்லை. மறுநாளிலிருந்து அங்கம்மா வீட்டிலிருந்து மீன் குழம்பும் பாயசமும் பாமாயில் லாரி போல வந்து இறங்கின. நான் உன் அம்மாவிடம், குறைந்தபட்சம் மாடிக் குளியலறையையாவது கேளுங்கள் அண்ணி என்று காதில் ஓதினேன். அவர் பார்த்த பார்வையில் என் மீசை கருகிவிட்டது.

சங்கக் கூட்டத்தன்று அங்கம்மா மகன் ரூபேந்திரன் எழுந்து, "ஆன்ட்டி, பத்து வருஷம் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிள்ல போய் வேலை செஞ்சு கட்டின வீடு லா, இப்ப உங்க கையில இருக்கு" என்றான். உன் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "எனக்கு மாடி எதுக்குப்பா, முட்டி வலி. என் வீட்ட எனக்குக் குடுங்க, போதும். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். அதற்குப் பிறகு மற்றவர் மறுக்க முடியுமா? அர்ச்சுனன்கூடப் போட்டான், நானும் அந்த மரத்தைப் பெரிய மனதோடு துறந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நில அலுவலகத்தில் கெரானை வாங்கினோம். இது அந்தப் பலகை வீட்டுக்குத்தானே என்று உன் அம்மா இரண்டு முறை கேட்டார். திரும்பியதும் உள்ளே போகாமல், பலகையைத் தொட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்து என்னிடம் சொன்னார்: "நம்ம பேர்ல கெரான் இல்லாம, நாலு வருஷமா பிள்ளைய வான்னு கூப்பிடல தம்பி. அது வர்ற நேரத்துல வீடு நம்மது இல்லன்னு ஆயிட்டா, எங்க தங்க வைப்பேன்? இனி கூப்பிடலாம்." நீ வேலை மும்முரத்தில் வரவில்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கூப்பிடலாம் என்று சொன்னாரே தவிர இன்னும் கூப்பிடவில்லை, அதற்கும் கூச்சம். நீயே முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்துவிட்டு அவரிடம் முதலில் சொல். என்னிடம் சொல்லாதே, நான் போடும் கூச்சல் சிங்கப்பூர் வரை கேட்கும். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ, வீடு நிறைய பிள்ளைகளோடு வர, என் ஆசிகள்.

உன் சித்தப்பா,
வீரமுத்து