முதல் ஓலை

ஞாயிறு இரவு, பாம்பன்.

இன்று மாதா கோயிலில் என் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளையின் குரல்கூட எனக்கு இன்னும் பழகவில்லை. சென்னையில் தாலி கட்டாமலே ஒருவருடன் வாழும் சித்தி மகள் ஜெனி, அவரையும் கூட்டி வந்திருந்தாள். பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனபோது அவள் பெஞ்சிலேயே இருந்தாள். அவரும் எழாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "உனக்கென்னக்கா, ஓலை வாசிச்சாச்சு. என்னையக் கண்டாலே அம்மா மூஞ்சியத் திருப்புது" என்றாள்.

"கெட்டிக்கிட்டா நீயும் நன்மை வாங்கலாம்ல?" என்றேன்.

அவள் இருப்பது பாவம் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் நன்மை நாவில் கரையும் முன்பே அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஓலை வாசித்ததும், கல்யாணத்துக்குத் தடை தெரிந்தால் சொல்லும்படி ஃபாதர் கேட்டார். இன்னும் இரண்டு ஞாயிறு கேட்பார்.