எஞ்சினுக்குப் போட்ட மாலை

வியாழன், இரவு.

நாளைக் காலை தங்கச்சி ராஜம்மாவை ரத்தம் சுத்தம் செய்ய ஜெராமிலிருந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அவளுக்கு மூச்சு முட்டும். இன்று பார்த்து என் கார் கொதித்துவிட்டது. ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை.

எஸ்டேட் டிராக்டரின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவன் நான். பியூஸ் எரிந்திருந்தது. புதிது போட்டேன். அதுவும் எரிந்தது. பெட்டியில் ஒன்றுதான் மிச்சம்.

"மோட்டார் செத்துப்போச்சு லா. இந்தச் சிலாங்கூர்ல என்னைய விட்டா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றேன்.

"கையால சுத்திப் பாத்தியாண்ணே?" என்றாள் ராஜம்மா.

பார்க்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு விரலால் தள்ளினேன். அசையவில்லை. டார்ச் அடித்தால், விசிறியின் நடுவில் நூல் இறுகச் சுற்றியிருக்கிறது, வாடிய மல்லிகையோடு. போன வெள்ளி முனீஸ்வரன் கோயிலில் கார் பூசை. மற்றவர்கள் வெளியே மாலை போட்டார்கள். நான் ஒருவன்தான் பானட்டைத் திறந்து எஞ்சினுக்கும் போட்டேன்.

"எலி கூடு கட்டியிருக்கு" என்றேன்.

"உன் ஊட்டு எலி பூ வெக்குமாண்ணே?"

விசிறி சுற்ற முடியாமல் திணறித்தான் பியூஸ் எரிந்திருக்கிறது. நூலை அறுத்தெடுத்து, பேட்டரியை மாட்டிக் கடைசி பியூஸைப் போட்டேன். காரின் ஏர்கோனைத் தட்டினால் இந்த விசிறியும் சுற்ற வேண்டும்; தட்டியதும் புயல் மாதிரி சுற்றியது. ராஜம்மா கை தட்டினாள். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், சூடு ஏறவில்லை.

ஊர் முழுக்க அளக்கிற வாய் எனக்கு. கார் பூசையன்று அர்ச்சனை அவள் பெயருக்குத்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து இன்னொரு தடவை விசிறியைப் பார்க்க வேண்டும்.