மூன்றாவது முறை கேட்டால்தான்

ஜனவரி 9
இரண்டு வாரச் சம்பளத்தில் கால்வாசியைக் காணோம். பள்ளி அலுவலகத்தில் சம்பளம் போடும் லவானிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கோர்ட்டுலேர்ந்து உத்தரவு வந்துருச்சு ஓரின். நான் பிடிச்சுத்தான் ஆகணும்" என்றாள்.
போன குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் செத்துப்போய், புதியதைக் கிரெடிட் கார்டில் வாங்கினேன். அதே மாதம் நான் வேலை பார்த்த மர அறுவை ஆலையை மூடிவிட்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைப்பதற்குள் கடன் குட்டி போட்டு எட்டாயிரத்து இருநூறு டாலர் ஆகிவிட்டது. இப்போது ஹீட்டர் இருக்கிறது, அதற்கு எரிவாயு வாங்கத்தான் காசில்லை!

ஜனவரி 10
வாசலில் யாரோ உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்த பாத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குத்தான் இப்படி வரும். பாத்திரத்தின் அடியில் லவானின் பெயர். நான் இன்னும் சாகவில்லை அம்மணி.

ஜனவரி 14
எரிவாயுத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

ஜனவரி 15
"பேசு. கடிக்கமாட்டாங்க" என்று என் மனைவி மார்லிஸ் போனை என் கையில் திணித்தாள். கடன் கொடுத்தவர்களின் வக்கீல் ஆபீஸ் டெக்சாஸில். கிரிஃபின் என்றொருவன் பேசினான்.
"ஒரே தடவையில கட்டினா ஆறாயிரத்து ஐந்நூறுக்கு முடிச்சுக்கலாம் சார். பிடித்தத்தையும் நிறுத்திடுவோம்."
எவ்வளவு நல்ல மனசு! ஆனால் என் வாய் பழக்கதோஷத்தில், "ஐயையோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது.
எங்கள் மினசோட்டாவில் ஒரு வாய் காபி கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்போம். மூன்றாவது முறையும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். டெக்சாஸில் அப்படிக் கிடையாதாம். எனக்கென்ன தெரியும்?
"மேல பேசிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். மார்லிஸ் தலையணையை என்மேல் விட்டெறிந்தாள்.

ஜனவரி 19
கிரிஃபினே கூப்பிட்டான். ஐயாயிரத்து இருநூறாம்.
"பரவால்லங்க, வேண்டாம்."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மார்லிஸ் அறையைவிட்டே போய்விட்டாள்.

ஜனவரி 23
இரண்டாவது பிடித்தம். போன் வரவில்லை. போச்சா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்டா நீ! மார்லிஸ் வீட்டுக்குள்ளேயே குல்லாயோடு நடக்கிறாள். பயமாக இருக்கிறது.

ஜனவரி 26
"பயங்கரமான ஆளு சார் நீங்க" என்றான் கிரிஃபின். "மூவாயிரத்துத் தொள்ளாயிரம். இதுக்குக் கீழ நான் இறங்கினா என் வேலை போயிடும்."
மூன்றாவது முறை!
"சரிங்க, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..."
மார்லிஸ் போனைப் பிடுங்கினாள். "எல்லாத்தையும் எழுத்துல அனுப்புங்க. கடிதம் வந்தப்புறம்தான் பணம்."

ஜனவரி 29
கடிதம் வந்துவிட்டது. பணத்துக்கு எங்கே போவது?

ஜனவரி 31
ஏரியில் பனிக்கட்டி மேல் நிற்கும் என் மீன்பிடிக் குடிலை விற்றுவிட்டேன். ஒரு பெஞ்சு, ஓர் அடுப்பு, தரையில் தூண்டில் போட இரண்டு ஓட்டை. பதினோரு குளிர்காலம் அதில் உட்கார்ந்திருக்கிறேன். வருத்தம்தான், பொய் சொல்வானேன்.
வாங்க வந்தவன் லவானின் கணவன் வெர்ன்.
"மூவாயிரத்து ஐந்நூறு" என்றேன்.
"என்னைத் திருடன்னு நெனச்சியா? நாலாயிரத்து ஐந்நூறு பெறும்டா."
"கதவே சரியா மூடாது. மூவாயிரம் போதும்."
விற்கிறவன் இறக்க, வாங்குகிறவன் ஏற்ற, கால் மணி நேரம் சண்டை. கடைசியில் வெர்ன், "மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஒரு காசு குறைஞ்சாலும் வாங்கமாட்டேன்" என்றான்.
அந்தத் தொகை இவனுக்கு எப்படித் தெரியும்? சமையலறையில் மார்லிஸ் மும்முரமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். லவானின் பாத்திரம்.

பிப்ரவரி 2
பணம் அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 20
முழுச் சம்பளம். எரிவாயு லாரி வந்தது. மார்லிஸ் குல்லாயைக் கழற்றிவிட்டாள்.

பிப்ரவரி 21
ஏரிப் பக்கம் நடந்தேன். சும்மாதான். குடிலின் கதவு வழக்கம்போல் பாதி திறந்திருந்தது.
"உள்ள வாடா" என்றான் வெர்ன்.
"வேண்டாம்டா. சும்மா இப்படி வந்தேன்."
"சூடா காபி இருக்கு."
"பரவால்லடா."
அவன் தூண்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். காற்று காதை அறுத்தது. கேளுடா பாவி. இன்னும் ஒரே ஒரு தடவை கேளேன்டா!
தலையை நிமிர்த்தாமலே பெஞ்சில் என் இடத்தைத் தட்டினான். "அந்த ரெண்டாவது ஓட்டைக்கு ஆளில்ல. வர்றியா, இல்லையா?"
"சரி, உனக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்றேன்.