போட்டு வாறன்

சனிக்கிழமை, நோபல் பார்க்

அகதிகளாகப் படகில் வந்த எங்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை இன்று போட்டுக் காட்டினார்கள். வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மாவிடம் கடைசியாக "போட்டு வாறன்" என்று சொன்னதாக அதில் சொல்கிறேன். கீழே ஆங்கிலத்தில் "குட்பை" என்று எழுத்து ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

முடிந்ததும் படத்தை எடுத்த பெண்ணைப் பிடித்தேன். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"அது பிழை பிள்ளை. நாங்கள் ஒருநாளும் போறன் எண்டு சொல்லுறேல்லை. போய்த் திரும்பி வருவன் எண்டுதான் அர்த்தம்."

"சொறி அங்கிள், மாத்திறன். பிறகு அம்மாவைப் பாக்கப் போனனீங்களோ?"

இங்கே திரும்பி வர விசா இல்லாமல் எங்கே போவது? அம்மாவின் செத்தவீட்டைக்கூட ஃபோனில்தான் பார்த்தேன்.

"மாத்த வேண்டாம் பிள்ளை," என்றேன். "குட்பை சரிதான்."