மைத்துனன் கொண்டுபோன கிளி

12.2.1981, வியாழன்

நான் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் மனைவி கிளியைத் தன் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கதைக்காத கிளியென்று அதை மாட்டுக்கொட்டிலில் போட்டு வைத்திருந்தவன் அவன். மிளகாய் தின்றால் கதைக்குமென்று வேறொன்றும் கொடுக்கவில்லை. நெஞ்சில் இறகே இல்லாமல் கிடந்ததை நான்தான் வாங்கிவந்து, மூன்று மாதம் கொவ்வைப்பழம் கொடுத்துத் தேற்றினேன். இன்று அவனைக் கண்டதும் அது "வாங்கோ" என்றதாம்.

"இப்ப கதைக்குதெண்டு ஆசையாக் கேட்டான். கூடப்பிறந்தவனுக்கு எப்பிடி இல்லையெண்டுறது?" என்கிறாள்.

நாளை அவளே போய்க் கேட்க வேண்டும். அவன் கூட்டோடு கொண்டுவந்து என் கையில் தர வேண்டும். அவன் படலைக்குள் நான் கால் வைக்க மாட்டேன். ஆனால் காலையில் அவன் மிளகாயை நீட்டுமுன் கொவ்வைப்பழம் போய்ச்சேர வேண்டும். அதை வேலிக்கு வெளியே நின்று நானே கொடுக்க வேண்டும்.