‘ஒப்பி’ என்றொரு வினைச்சொல்

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆய்வேட்டின் மூன்றாம் இயல். ஒரே ஒரு வினைச்சொல். ஒப்பி.

பள்ளியில் பாடம் ஒப்பித்தோம். பார்க்காமல் சொல்வதற்கு ஏன் இந்தச் சொல்?

காலையிலிருந்து அகராதிகளோடு கிடக்கிறேன். பசிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. சொல்லாலா, அப்பாவிடம் வந்து பேசுகிறேன் என்ற ரகுநாத்தாலா?

ஏப்ரல் 8

ஒப்பு: ஒத்திருப்பது. ஒப்புவி: ஒத்துப்போகச் செய். ஒப்படை. அது தேய்ந்துதான் ஒப்பி – என்று நினைக்கிறேன்.

ஆக, இரண்டு காரியம். ஏட்டில் இருப்பதும் வாயில் வருவதும் ஒத்துப்போக வேண்டும். வாங்கிய பாடத்தைக் கொடுத்தவரிடமே திருப்பிச் சேர்க்க வேண்டும்.

போனில் சொன்னேன். மணமேல்குடி ஐஸ் பிளாண்ட் இரைச்சலுக்கு நடுவில் ரகுநாத் கத்தினான்: “அப்ப நா பதினாறாம் வாய்ப்பாட்ட இன்னும் திருப்பியே குடுக்கலயே கலை!”

ஏப்ரல் 11

பழைய வழக்கு ஒன்று: பெண்ணை ஒப்புவித்தல்.

நான் என்ன பார்சலா?

ஆனால் அப்பா ஒப்புக்கொள்ள வேண்டும். அதிலும் அதே வேர், சனியன். அம்மா நேற்றே சொல்லிவிட்டாள், “அவங்க வேற ஆளுங்கடி. ஒங்கப்பா தாங்க மாட்டாரு.”

முடியாது என்றுவிட்டால்? அப்பாவை விட்டு ஓட மாட்டேன். ரகுநாத்தையும் விட மாட்டேன். நடுவில் நிற்க இடம்?

ஏப்ரல் 14

மணமேல்குடியையே பேசி மடக்குகிறவன் ரகுநாத். அப்பா பெயரைச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. “அவருகிட்ட பேச வேண்டியத நீயே எழுதிக் குடுத்துரு. உருப்போட்டு வந்துர்றேன்.”

பதினொரு வரி. வாட்ஸப்பில் அனுப்பினேன்.

ஏப்ரல் 17

எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டு என்றால் மறுக்கிறான். “ஒனக்கு ஒப்பிச்சா தீந்து போயிரும். அவருக்குத்தான் முழுசா.”

இந்த வாக்கியத்தை ஆய்வேட்டில் சேர்க்க முடியுமா?

ஏப்ரல் 20, ஞாயிறு

வந்தான். புதுச் சட்டை. காலரில் விலைச்சீட்டு நூல்.

அப்பா முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். “உக்காருங்க தம்பி.” உட்காரவில்லை. கைகட்டி நின்று ஆரம்பித்தான்.

“ஐயா வணக்கம். நானும் கலைமதியும் மூன்றாண்டுகளாக ஒருவரையொருவர் விரும்புகிறோம். எங்கள் பின்னணி வேறு. எனினும் – இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அப்பா முகத்தைப் பார்க்கவும்.”

நான் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது! அதையும் ஒப்பித்துவிட்டான்!

செத்தேன். அடுப்படியில் அம்மா கரண்டியைப் போட்டாள்.

அப்பா நிமிர்ந்து, “நிறுத்தியாச்சு. முகத்தையும் பாத்தாச்சு. மேல சொல்லுங்க” என்றார்.

அவன் காலர் நூலைப் பிடித்துத் திருகினான்.

“எழுதுனது யாரு? நீதானத்தா? ‘எனினும்’னு மணமேல்குடியில எவன் பேசுவான்?” பிறகு அவனிடம், மெதுவாக, “ஒங்க வாயில என்ன இருக்கோ அதச் சொல்லுங்க தம்பி.”

“மாமா –” என்றுவிட்டான். ஐயா போய் மாமா! திருத்தவும் இல்லை. “நா காலையில நாலு மணிக்கே வேலைக்குப் போகணும். கலை ரெண்டு மணி வரைக்கும் படிக்கும். நா லைட்டப் போடாம எந்திரிச்சுப் போயிருவேன். அதோட தூக்கம் கெடாது.”

பதினொரு வரியில் இது இல்லை. எந்த ஏட்டிலும் இல்லை. எதோடு ஒத்துப்பார்ப்பது?

அப்பா கொட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். “பாப்போம்” என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 22

இரண்டு நாளாக அப்பா பேசவில்லை. திட்டவும் இல்லை. ‘பாப்போம்’ – எதிர்காலமா, மறுப்பா? இலக்கணம் கைவிட்ட இடம். நினைத்தால் அழுகை வருது. அந்த நிறுத்தத்தை நினைத்தால் சிரிப்பு வருது. ரெண்டும் ஒண்ணா வருது, என்ன செய்ய?

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் அப்பா கதவருகே வந்து நின்றார். பார்வை எங்கோ.

“மணமேல்குடிக்கு நேர் பஸ் இருக்காத்தா?”

“இல்லப்பா. அறந்தாங்கியில மாறணும்.”

“சனிக்கெழமை போனா அந்தத் தம்பியோட அப்பா வீட்டுல இருப்பாரா?”

இருப்பார் என்றேன். என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகமில்லை. அப்பா அங்கிட்டுத் திரும்பி அம்மாவிடம் கேட்டது மட்டும் காதில் விழுந்தது:

“அவங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ முந்திரிப்பருப்பு போதுமா, மூணா?”